கூதிர்காலமும் குடித்தன ஒழுங்கும்

(தருமபுரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, கல்வியைப் பற்றியோ, உத்தியோகத்தைப் பற்றியோ, நம் முன்னோர் பெருமையைப் பற்றியோ யாம் பேசுவோமென்று பலர் எதிர்பார்த்திருக்கலாம். யாம் எடுத்துக்கொண்டனவோ வீட்டுப் பரணும் கொல்லைப்புறமும். இவை அடுக்களையிற் பேசத் தக்கனவேயன்றிச் சபையிற் பேசத் தக்கனவல்லவென்று சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இப்பேச்சு முடியும்வரை பொறுத்தருள வேண்டுகிறோம். கல்வியும் உத்தியோகமும் பெருமையும் ஒரு வீட்டிற்குள்ளிருந்தே புறப்படுகின்றன. அவ்வீட்டில் நோய் புகுந்தால் அம்மூன்றும் ஒரே வாரத்தில் படுக்கையில் விழும்.

நம் தமிழ் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். நம் தருமபுரி ஜில்லா கடலுக்கு வெகு தொலைவில், மலைகள் சூழ்ந்த மேட்டு நிலத்தில் உளது. தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசி மழையும் வடகிழக்குப் பருவக்காற்றின் முதல் மழையும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. ஆகையால் கடற்கரை ஜில்லாக்களில் ஐப்பசியில் தொடங்கும் ஈரம் நமக்கு ஆவணிக் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. சுவர் வியர்க்கிறது, துணி உலர மறுக்கிறது, மூலையில் கிடக்கும் பொருளெல்லாம் பூஞ்சை பூக்கிறது. வெயிற்காலத்தில் அடைசல் கண்ணை உறுத்தும், அவ்வளவே. கூதிர்காலத்திலோ அதே அடைசல் உயிரை உறுத்தும். இதுவே யாம் இன்று சொல்ல வந்த செய்தி.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவாக்கிக்கொள்வோம். சேமித்தல் வேறு, அடைத்தல் வேறு. நாளை உதவுமென்று அறிந்து, இன்ன இடத்தில் இவ்வளவு இருக்கிறதென்று கணக்குடன் வைப்பது சேமிப்பு. இருப்பதே மறந்துபோய், எறிய மனமின்றி, பயன்படுத்தவும் எண்ணமின்றிக் குவித்து வைப்பது அடைசல். முன்னது செல்வம், பின்னது கடன். அக்கடனுக்கு வட்டியாக நாம் இடத்தையும் உழைப்பையும் ஆரோக்கியத்தையும் ஆண்டுதோறும் செலுத்தி வருகிறோம்.

நம் முன்னோர் சேமித்தவர்; அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் தருமபுரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தனி ஜில்லாவானது 1965-இல். அப்பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் சேலம் ஜில்லாவும் ஒன்று. இப்படிப்பட்ட வறட்சி நாட்டில் கேழ்வரகை நிலத்திற் குழி வெட்டிப் புதைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஈரமும் காற்றும் புகாமல் மூடப்பெற்ற கேழ்வரகு பல்லாண்டு கெடாது. பூச்சியும் எளிதில் தொடாது. மழை பொய்த்த ஆண்டில் அக்குழியே குடும்பத்தைக் காத்தது. ஒரு வஸ்துவையும் எறியலாகாதென்னும் குணம் அப்பசியிற் பிறந்தது. அதனை யாம் இகழ மாட்டோம்.

ஆயினும் அக்குணம் இன்று எதைக் காத்துக்கொண்டிருக்கிறதென்று நம் பரணில் ஏறிப் பார்ப்போமாக. கைப்பிடி ஒடிந்த வாளி, மூடி காணாமற்போன பிளாஸ்டிக் டப்பாக்கள், ஓடாத மின்விசிறி, எரியாத அடுப்பு, பழைய வண்டி டயர், கலியாணத்திற்கு வந்து காகிதம் பிரிக்கப்படாத பாத்திரங்கள், பத்து ஆண்டுப் பத்திரிகைக் கட்டு! இவற்றுள் எது பஞ்சத்தில் நமக்குக் கஞ்சி ஊற்றும்? கேழ்வரகுக் குழி மறைந்தது. குழி நிறைக்கும் குணம் மட்டும் எஞ்சிற்று.

இவ்வூரின் பழம்பெயர் தகடூர் என்பதை அனைவரும் அறிவீர்கள். இங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமானஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி புறநானூற்றில் உளது. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். அங்கே படைக்கலங்கள் மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க இடத்தில் அழகாக இருந்தன. அதனைக் கண்ட ஔவையார், அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய பட்டறையிற் கிடக்கின்றன என்றனர். கேட்பதற்குப் புகழ்ச்சி, கருத்தோ இகழ்ச்சி. பயன்படாமற் பளபளக்கும் பொருளைவிடப் பயன்பட்டுத் தேய்ந்த பொருளே உயர்ந்தது என்பது அதன் உட்கிடை. அத்தகடூரில் வாழும் நாம் எவ்வரசனுடைய கொட்டிலைப் பின்பற்றுகிறோம்? ஒருமுறையும் அடுப்பேறாத செம்புப் பானைகளை அடுக்கி வைத்து விருந்தினருக்குக் காட்டும்போது நாம் தொண்டைமானாகவே நிற்கிறோம்.

நிற்க. பிறர் வீட்டுக் குறையைச் சொல்லுமுன் எம் வீட்டுக் குறையைச் சொல்லிவிடுதல் முறை. எம் தாயார் நாற்பது ஆண்டு மாவாட்டிய ஆட்டுக்கல் ஒன்று எம் வீட்டில் இருந்தது. மின்சாரத்தில் மாவரைக்கும் இயந்திரம் வந்தபின் அதனைக் கொல்லையில் கிணற்றடியோரம் உருட்டிவிட்டோம். தாயார் காலஞ்சென்றபின் அதனை அப்புறப்படுத்த எம் மனம் இடங்கொடுக்கவில்லை; பயன்படுத்தவும் எவரும் இல்லை. அதன்மேல் பழைய சாக்கும் ஓட்டுத் துண்டுகளும் சேர்ந்தன. ஓர் ஐப்பசியில் எம் நான்கு வயதுப் பேரனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் வீட்டு வைத்தியம் பார்த்தோம். மூன்றாம் நாள் குழந்தை கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து டெங்கு என்றனர்.

குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த ஒரு பெண்மணி எம் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். சாக்கை நீக்கி, ஆட்டுக்கல்லின் குழியை விளக்கடித்துக் காட்டி, "ஐயா, இங்கே வந்து பாருங்கள்" என்றார். குழி நிறைய மழைநீர். அதில் நூல் துண்டுகள்போலப் புழுக்கள் நெளிந்து மேலும் கீழும் சென்றுகொண்டிருந்தன. "இதையெல்லாம் ஊரில் யாருக்குமே சொல்லி மாளவில்லை, ஐயா" என்று மட்டும் அவர் கூறி, நீரைக் கோரி மண்ணிற் கொட்டிவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றார். அக்கல்லிற் பிறந்த கொசுவே எம் பேரனைக் கடித்ததென்று எவரும் சத்தியம் செய்ய இயலாது. அன்றென்று சத்தியம் செய்ய எம்மாலும் இயலாது. குழந்தை பிழைத்தான். ஏழு நாள் அவனருகில் உட்கார்ந்து யாம் எண்ணியவற்றையே இன்று உங்கள்முன் கூறுகிறோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் என்னும் கொசு சாக்கடையில் வளர்வதன்று. அது நாடுவது தெளிந்த நீரை. ஆகவே தெருச் சாக்கடையைக் காட்டி நகராட்சியைக் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டுத் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, டயர், ஆட்டுக்கல், உரல் இவையே அதன் பிறந்தகம். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் போதும். அது பகலிற் கடிப்பது. பிறந்த வீட்டைவிட்டு நெடுந்தூரம் பறப்பதுமன்று. எனவே நம் வீட்டார் கடிபட்டால் அக்கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததேயாகும்.

மற்றொன்று முக்கியம். இக்கொசு நீரின்மேல் முட்டையிடாமல், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழைநீர் தொட்டவுடன் பொரிக்கும். கோடையில் காய்ந்துகிடந்த பழைய டயரும் வாளியும் ஐப்பசியில் நோய்ப் பண்ணையாவது இதனாலேயே. ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரை நாரிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை இவ்வாறு செய்தால் புழு கொசுவாகுமுன் அதன் வாழ்வு முடிந்துவிடும். 2006-ஆம் ஆண்டில் நம் நாட்டாரை மூட்டு வலியால் முடக்கிய சிக்குன்குனியாவைப் பரப்பியதும் இக்கொசு வகையே. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 20,000-க்கு மேற்பட்டோர் டெங்குவால் பீடிக்கப்பட்டனர்.

இங்கே நம் ஜில்லாவிற்கே உரிய ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு கொண்ட நீரை நெடுங்காலம் பருகினால் பல்லிற் பழுப்புக் கறை படியும். அளவு மிகுந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதனைப் போக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பெற்று 2013-இல் தொடங்கப்பெற்றது. நல்ல நீர் குழாயில் வரும் நாள் பார்த்து நம் பெண்மக்கள் குடம், அண்டா, டிரம் எல்லாவற்றிலும் நிரப்பி வைக்கின்றனர். கிணற்று நீரின் தீமைக்கு அஞ்சிச் சேமித்த நன்னீரே கொசுவுக்கு வீடாகிவிடுகிறது. நீரைச் சேமியாதீர் என்று எவரும் சொல்லத் துணியார். ஆயின் நிரப்பிய பாத்திரம் ஒவ்வொன்றிற்கும் இறுக்கமான மூடியோ, வெள்ளைத் துணி வேடு கட்டுதலோ இன்றியமையாதது. மூடியில்லாத பாத்திரம் நீர்ப் பாத்திரமாகாது. அதனை வீட்டில் வைப்பதைவிட வைக்காதிருப்பதே மேல்.

இவ்வேலை வீட்டுக்கு வீடு செய்யத் தக்கதோ, செய்தாலும் பலிக்குமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு தூர தேசத்து வரலாற்றைக் கூறுவோம். கியூபா தீவின் ஹவானா நகரில் மஞ்சட் காய்ச்சல் பல தலைமுறையாக மக்களைக் கொன்று வந்தது. அதனைப் பரப்புவது கொசுவே என்று கார்லோஸ் ஃபின்லே என்னும் வைத்தியர் 1881-இல் கூறியபோது எவரும் நம்பவில்லை. 1900-இல் வால்டர் ரீட் என்பவரின் குழுவினர் அதனைச் சோதனையால் உறுதிப்படுத்தினர். 1901-இல் கோர்காஸ் என்னும் அதிகாரி வீடுதோறும் ஆட்களை அனுப்பி, நீர்த்தொட்டிகளை மூடச் செய்து, வேண்டாத நீரைக் கொட்டச் செய்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரத்தைவிட்டு அந்நோய் நீங்கிற்று. அங்கே நோயைப் பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான். அப்போது அந்நோய்க்குத் தடுப்பு மருந்தும் கிடையாது. மூடியும் துடைப்பமுமே அந்நகரைக் காத்தன.

கொசுவை மட்டுமே சொல்லி முடிப்பதற்கில்லை. சிந்திய தானியத்தையும் மூலைக் குவியலையும் தேடி எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. மழையில் வளையில் நீர் புக, மேடும் வெப்பமும் தேடி அது வீட்டை அண்டுகிறது. விறகுக் கட்டும் கற்குவியலும் சுவரோரத்து ஓலையும் அதற்கு நல்ல மறைவிடம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையிற் படுத்துறங்குவோரைக் கடிப்பது. அதன் கடியில் வலியும் வீக்கமும் சொற்பமாதலால் கடிபட்டவர் பூச்சியென்றெண்ணித் திரும்பிப் படுத்துவிடுவதுமுண்டு. நம் கிராமங்களில் இன்றும் தரையிற் படுப்போர் பலர். ஆகவே விறகையும் கல்லையும் சுவரினின்று விலக்கி, தரையினின்று உயர்த்தி அடுக்குங்கள். படுக்குமிடத்தைச் சுற்றி ஒரு சாமானும் கிடக்கலாகாது. கடி நேர்ந்தால் மந்திரத்தை நாடாமல் அந்நொடியே விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சுத்தத்தை நமக்குக் கற்பிக்க வெளியாசிரியர் வேண்டுவதில்லை. நம் ஜில்லாவில் மல்பெரிச் செடி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் பலர் இருக்கின்றனர். தருமபுரி நகரிலேயே அரசினரின் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. புழு வளர்ப்பு மனையை அவர்கள் எவ்வாறு போற்றுகின்றனரென்று பாருங்கள்! ஒரு வளர்ப்பு முடிந்ததும் மனையிலுள்ள தட்டுகளையும் வலைகளையும் வெளியிற் கொணர்ந்து கழுவி வெயிலிற் காயவைக்கின்றனர். கழிவைத் தொலைவிற் குழியிலிடுகின்றனர். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த நீரைச் சுவரிலும் தரையிலும் தெளிக்கின்றனர். உள்ளே நுழைவோர் கைகால் கழுவியே நுழைகின்றனர். ஏனெனில் மழைக்காலத்து ஈரத்தில் சுண்ணாம்புக்கட்டி நோய் புகுந்தால் புழுக்கள் விறைத்து வெளுத்து மடியும். ஒரு மாத உழைப்பு ஒரு வாரத்திற் பாழாகும். பிரான்சு தேசத்தில் 1865 முதல் சில ஆண்டுகள் லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர் பட்டுப்புழு நோயை ஆராய்ந்த ஆராய்ச்சியும், நோய் தொற்றும் வழியை மனிதர் உணர்வதற்குப் பேருதவி புரிந்தது.

அன்பர்களே! புழு வாழும் மனைக்கு ஆண்டில் ஐந்தாறு முறை இவ்வளவு கவனம் செலுத்தும் குடும்பம், குழந்தை வாழும் மனைக்கு ஆண்டில் ஒருமுறையேனும் அவ்வளவு கவனம் செலுத்துகின்றதா? புழு மடிந்தால் நஷ்டம் இன்ன ரூபாயென்று நமக்குத் தெரிகிறது. குழந்தைக்குக் கணக்கு எழுத இயலாமையால் அசட்டையாக இருக்கிறோம் போலும்!

இனிச் செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுவோம். நம் வழக்கத்தில் வீட்டைத் துப்புரவாக்கும் பெருநாள் போகி. அது மார்கழிக் கடைசியில், மழையெல்லாம் ஓய்ந்தபின் வருகிறது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டுமென்பது பழமொழியாதலால், பெரிய ஒழிப்பு வேலையைப் புரட்டாசியில் வரும் ஆயுத பூஜைக்குக் கொணர வேண்டும். அப்பூஜையில் நாம் செய்வது யாது? அரிவாள், மண்வெட்டி, படி, தராசு, புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, பொட்டிட்டு, வரிசையாக வைத்து, மறுநாள் அவற்றினிடத்திற் சேர்க்கிறோம். எடுத்தல், துடைத்தல், எண்ணுதல், இடத்திற் சேர்த்தல் என்னும் இந்நான்குமே குடித்தன ஒழுங்கின் முழு சாஸ்திரமாகும். தொழிற் கருவிக்குச் செய்யும் இதனை வீட்டுப் பண்டம் அனைத்திற்கும் செய்தால் போதும்.

புரட்டாசி முதல் வாரத்தில் வெயிலுள்ள நாள் பார்த்துப் பரணை முற்றிலும் இறக்குங்கள். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, "சென்ற ஓராண்டில் இதனை எடுத்தோமா?" என்று கேளுங்கள். எடுத்ததை வைத்துக்கொள்ளுங்கள். எடுக்காததைப் பழுது பார்க்கத் தக்கது, பிறர்க்குக் கொடுக்கத் தக்கது, பழைய இரும்புக் கடைக்கு உரியது என மூன்றாகப் பிரியுங்கள். பிரித்ததை அன்றே வாசலைக் கடத்திவிடுங்கள். மறுநாள் பார்ப்போமென்று மூலையில் வைத்தது மீண்டும் பரணேறும். இஃது எம் அனுபவம். டயரையும் பிளாஸ்டிக்கையும் தெருவிற் கொளுத்தலாகாது. அப்புகை குழந்தைகளின் நெஞ்சை அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அரசினர் தடை செய்துள்ளனராதலால், அவற்றை வாங்காதிருப்பதே முதல் துப்புரவு.

அடுத்து உணவுப் பண்டம். மாசி பங்குனியில் உலுக்கிய நம் ஜில்லாப் புளி மழை ஈரத்தை உறிஞ்சிக் கசியும். கொட்டை நீக்கி, உப்பிட்டு, மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வாய் கட்டி, தரையிற் படாமல் பலகைமேல் வைக்க வேண்டும். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைப்பதும், தானியத்தினிடையே வேப்பிலை நொச்சியிலை இடுவதும் நம் பாட்டிமார் கண்ட நல்வழிகள். மூட்டைகள் சுவரினின்று ஒரு முழம் விலகியிருக்கட்டும். பழையது முன்னே, புதியது பின்னே என்று அடுக்குங்கள். ஒரே பருப்பை மூன்று டப்பாவில் மூன்று மூலையில் வைப்பதே வண்டிற்கு நாம் அனுப்பும் அழைப்பு. துணிகளையும் வெயில் கண்ட நாளில் உதறிக் காயவைத்து, நன்றாய் ஆறியபின்பே பெட்டியில் மடிக்க வேண்டும்.

மூன்றாவது காகிதம். நம்மவர் பலர் வீட்டில் கிரையப் பத்திரமும், பட்டாவும், பள்ளிச் சான்றும், சாதிச் சான்றும் கலியாணப் பத்திரிகைகளுடன் ஒரே துணிப்பையிற் கிடக்கின்றன. அப்பை மண்சுவரிலடித்த ஆணியில் தொங்குகிறது. கூதிர்காலத்து ஈரமும் கறையானும் பத்திரத்தையும் பத்திரிகையையும் வேற்றுமை பார்ப்பதில்லை. கல்லூரியிற் சேரும் வாரத்தில், தகப்பனாருடைய சான்றைத் தேடி வீட்டைக் கவிழ்க்கும் குடும்பங்களை நம் சங்கத்தார் ஆண்டுதோறும் காண்கின்றனர். மறுநகல் பெற வழியுண்டு. அதற்குள் பிள்ளைக்குரிய இடம் பிறர்க்குப் போய்விடுவதுமுண்டு. ஆதலின் ஒரு தகரப் பெட்டி, அதனுள் ஈரம் புகாத உறைகள், மேலே ஓர் அட்டவணை இம்மூன்றும் வீட்டுக்கு வீடு இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் இரண்டிரண்டு நகலெடுத்து ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். கைபேசியிற் படமும் பிடித்து வையுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் பெரிய வேலை வேண்டுவதில்லை. வாரத்தில் ஒருநாளை, ஞாயிறோ வெள்ளியோ, நீர்ப் பாத்திரங்களுக்குரிய நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அரைமணி நேரம் மொட்டை மாடி, கொல்லை, முற்றம், குளிர்பெட்டியின் பின்புறம் ஆகியவற்றைச் சுற்றி வந்து, தேங்கிய நீரைக் கொட்டி, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து விடுங்கள். கார்த்திகைத் தீபத்தன்று அகல் ஏற்றும் கை, மறுநாளே அகல்களைத் துடைத்தெடுத்து வைக்கட்டும். மழையில் விட்ட அகலும் கொசுவுக்குத் தொட்டிலே. ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டால் வலி மாத்திரையைத் தாமே வாங்கிக் கொடாமல், நீராகாரம் மிகுதியாகக் கொடுத்து, வைத்தியரிடம் உடனே காட்டுங்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே அபாய வேளை என்பதை மறவாதீர்கள்.

இவ்வளவும் கேட்ட நம் சகோதரிகள், "இன்னும் ஒரு சுமையா?" என்று தம்முள் வருந்தக்கூடும். அவ்வருத்தம் நியாயமானது. அடைசலை வாங்கி வருவோரும் எறியலாகாதென்று தடுப்போரும் பெரும்பாலும் ஆண்களாயிருக்க, அதனை நாள்தோறும் நகர்த்திப் பெருக்கும் வேலை மட்டும் பெண்களுக்கென்று விதித்திருக்கிறோம். எம் கொல்லை ஆட்டுக்கல்லை அகற்ற வேண்டுமென்று எம் மனைவியார் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தடுத்தவர் யாமே. ஆகவே யாம் இன்று பேசுவது ஆண்களை நோக்கியே. பரணில் ஏறுவதும், டயரைத் தூக்குவதும், தொட்டியைத் தேய்ப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. வேலையின்றித் திண்ணையிலிருந்து வீடு சரியில்லையென்று முணுமுணுப்பதே இழுக்கு.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பமுண்டு. நம் கலியாணங்களிற் சீர்வரிசையென்று பாத்திரங்களைக் குவிக்கும் வழக்கம் ஆண்டுக்காண்டு வளர்கிறது. கடன் வாங்கிக் கொடுப்பவர் ஒருபுறம். வைக்க இடமின்றிப் பரணில் ஏற்றுபவர் மறுபுறம். பயன் எவர்க்கு? பெயர் வெட்டிய பத்துக் குடத்திற்குப் பதிலாகப் பெண்ணின் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் அத்தொகையை இடுமாறு நாம் தீர்மானிக்கலாகாதா? மேலும், வீட்டுக்கு வீடு உறங்கும் அண்டா, தவலை, ஜமக்காளம் முதலியவற்றைச் சங்கத்திற்குக் கொடுத்தால், ஒரு பொது அறையில் பதிவுப் புத்தகத்துடன் வைத்து, விசேஷமுள்ள வீட்டார்க்கு இரவல் கொடுக்கலாம். ஏழைக் குடும்பத்துக்கு வாடகைச் செலவு மிஞ்சும். கொடுத்த வீட்டில் இடம் மிஞ்சும். இதற்கு முதலாவதாக எம் வீட்டு இரண்டு அண்டாக்களை இன்றே ஒப்புவிக்கிறோம்.

அந்த ஆட்டுக்கல் என்னவாயிற்றென்று கேட்பீர்கள். அதனை எறிய இன்றும் எம்மால் இயலவில்லை. குழி நிறைய மண்ணிட்டு, முற்றத்திற் கொணர்ந்து நிறுத்தி, துளசி நட்டோம். நாள்தோறும் நீரூற்றுபவன் பிழைத்து வந்த அப்பேரன். நினைவுக்குரிய பொருளை எறியுங்களென்று யாம் சொல்லவில்லை. நினைவாக வைப்பதாயின் கண்முன்னே, பயனோடு, துப்புரவாக வையுங்கள் என்றே சொல்லுகிறோம். கொல்லை மூலையில் சாக்கின்கீழ்க் கிடந்த நாளில் அக்கல் எம் தாயாரை நினைவூட்டவேயில்லை. இப்பொழுதோ காலைதோறும் நினைவூட்டுகிறது.

மேகம் கவிந்து வருகிறது. நீங்களும் வீடு செல்ல வேண்டும். சென்றவுடன் விளக்கெடுத்துக்கொண்டு ஒருமுறை கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். அதனைச் செய்வீர்களாயின் இக்கூட்டம் கூடியதன் பயன் நிறைவேறியதாகும்.